ஆளுக்கு ஒரு வாக்கியம்

விளக்கை அணைத்துவிட்டால் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்காது என்று மோகனா நம்பியிருந்தாள். அணைத்த பிறகுதான் தெரிந்தது, திரையில் விழும் வெளிச்சமெல்லாம் திரும்பி வந்து முகங்களின் மேல்தான் விழுகிறது. வலப்பக்கத்து நாற்காலியில் அம்மா நீலமாக இருந்தாள், பிறகு ஆரஞ்சாக இருந்தாள். இன்னும் படம் தொடங்கவில்லை, நன்றி அறிவிப்புகள்தான் ஓடிக்கொண்டிருந்தன. கல்யாணங்களுக்கு மட்டும் எடுக்கிற அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு, காலைச் செருப்பிலிருந்து எடுத்து நாற்காலிக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டு, பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தவளைப் போல உட்கார்ந்திருந்தாள். காலையில் மோகனாவின் விடுதி வாசலில் வந்து நின்றபோதும் இதே முகம்தான். பேரணாம்பட்டிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள். பக்கத்து வீட்டு பேபி அக்காவின் போனில் படத்தின் முன்னோட்டம் வந்திருக்கிறது, கடைசியில் ‘கதை: மோகனா ஏகாம்பரம்’ என்று எழுத்து வந்திருக்கிறது, பேபி அக்கா அதைப் படித்துக் காட்டியிருக்கிறாள். “உங்கப்பன் பேரு சினிமாவுல வருதாமே. நான் பாக்க வேணாமா?” என்றாள் அம்மா. அதைக் கேலியாகச் சொன்னாளா, பெருமையாகச் சொன்னாளா என்று அப்போதிலிருந்து மோகனா யோசித்துக்கொண்டிருக்கிறாள். பஸ் ஸ்டாண்டில் சாப்பாடு வாங்கிக் கொடுத்தபோதும் யோசித்தாள். ‘அது நல்லா இல்லாத படம்மா, கோட்டைக்குப் போகலாம், மீன் காட்சி இருக்கு’ என்று சொல்லிப் பார்த்தபோதும் யோசித்தாள். அம்மா ரசத்தை உறிஞ்சிவிட்டு, “கோட்ட எங்க போவப் போவுது, அங்கதான் கீது” என்றாள்.

எழுதியபோது இது எதுவும் நடக்காது என்றுதான் இருந்தது. பயப்படாமல் செய்த ஒரே காரியம் அந்தக் கதை. பரீட்சைக்குப் பயம், வேலைக்கு மனுப் போடப் பயம், பயிற்சி மையத்தில் வினாத்தாள் தட்டச்சு செய்யும்போது ஒரு கேள்வியின் எண் மாறிவிட்டால் இரவெல்லாம் பயம். ஆனால் அந்தக் கதையை மட்டும் ஒரு வாரத்தில் எழுதி முடித்தாள். காகிதத்தை விடப் பத்திரமான இடம் அவர்கள் வீட்டில் கிடையாது. அரிசிப் பானைக்குள் ஒளித்தால் அம்மா கண்டுபிடிப்பாள், தலையணை உறைக்குள் வைத்தால் கண்டுபிடிப்பாள், எழுதி மேசை மேல் விரித்து வைத்தால் அதன் மேல் சூடான பாத்திரத்தை இறக்கி வைப்பாள். அம்மாவுக்குப் பஸ்ஸின் எண் தெரியும், ரூபாய் நோட்டு தெரியும், எழுத்து தெரியாது. தெருவில் படித்தவர்கள் படிப்பதும் ராசிபலன்தான். முந்நூறு பேர் வாங்கும் ஒரு சிற்றிதழில் வந்தது ஊருக்குப் போய்ச் சேர வாய்ப்பே இல்லை. எழுத்தாக இருந்தவரைக்கும் அது ஊமையாக இருந்தது. ஆல்பர்ட் என்ற இயக்குநர் சென்னையிலிருந்து போன் செய்து, ‘உங்க கதை என்னைத் தூங்கவிடலைங்க’ என்றபோது, இவள் நினைத்ததெல்லாம் தன் கதையும் ஒருவரைத் தூங்கவிடாமல் செய்கிறதே என்பது மட்டும்தான். படம் என்றால் அதைப் பார்க்க எழுத்து தெரிய வேண்டாம் என்பது ஏன் அப்போது தோன்றவில்லை? பட்டம் வாங்கியவளுக்கு அது ஏன் தோன்றவில்லை?

திரையில் மழை பெய்யத் தொடங்கியது. ‘மழைக்கதவு’ என்று எழுத்துகள் நனைந்துகொண்டே வந்தன. பின்னாலிருந்து யாரோ ‘ஆஹா’ என்றார்கள். இந்த அரங்கம் முன்பு கடலை எண்ணெய்க் கிடங்காக இருந்தது. நாடகக் குழு அதை எடுத்துச் சுவருக்குக் கறுப்பு அடித்து, ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் கதைகளிலிருந்தும் நாவல்களிலிருந்தும் எடுத்த படங்களாகப் பார்த்துப் போடுகிறார்கள், ஆனால் மின்விசிறி சுற்றினால் இன்னும் பிண்ணாக்கு வாடை வருகிறது. “எண்ண மண்டியில கூட்டியாந்து உக்கார வெச்சிக்கிற” என்று உள்ளே நுழைந்ததும் அம்மா சொன்னாள். இப்போது மழையைப் பார்த்து, “ஐய, இன்னா மழடி” என்றாள். மோகனாவின் கதையில் மழை இல்லை. கத்திரி வெயில், சனிக்கிழமை மதியம், தோல் காய்கிற வாடை. ஆனால் ஆல்பர்ட், மழையென்றால் ஒரு மனநிலை கிடைக்கும் என்றார். கதையில் அந்தப் பெண் ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கிறவள். அவர்கள் தெருவில் மற்றப் பெண்கள் கம்பெனிக்கு ஷிப்ட் போனார்கள், அம்மா கம்பெனி ஏஜென்டிடமிருந்து மூட்டையாக வாங்கி வந்து வீட்டில் உட்கார்ந்து அதைத்தான் தைத்தாள். படத்தில் அவள் மல்லிகைப்பூ கட்டினாள். தோல் திரையில் எடுபடாது என்றார் ஆல்பர்ட். அப்போது இதையெல்லாம் கேட்டு மோகனாவுக்கு அழுகை வந்தது, இப்போது அவர் காலில் விழலாம் போலிருந்தது. மழை இருக்கட்டும். பூ இருக்கட்டும். அந்த வீட்டுக்கு இன்னும் நாலு மாடியும் வைத்திருக்கலாம். “யாருடி இவ, வூட்லயே பவுடரு போட்டுக்கினு கீறா?” என்று அம்மா காதருகே கேட்டாள். “நடிகைம்மா.” “நல்லாதான் கீறா. இவ புருசன் வேலக்கிப் போவலியா?” மோகனா நிம்மதியாக மூச்சை விட்டாள். அம்மாவுக்குத் தெரியவில்லை. இது வேறு யாரோ, வேறு எந்த ஊரோ. அம்மா பொரிகடலைப் பொட்டலத்தைப் பிரித்து, “இந்தா” என்று நீட்டினாள். ஒரு பிடி வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள், மெல்ல முடியவில்லை.

ஆனால் படம் முடிந்தால் விளக்கு வரும். விளக்கு வந்தால் மைக் வரும். அதை நினைத்ததும் வாயிலிருந்த பொரி உமியாகிவிட்டது. இந்த அரங்கத்தில் அது ஒரு வழக்கம், நாடகக் குழுவை நடத்தும் செவ்வேள் தோழர் ஏற்படுத்தியது. படம் முடிந்ததும் யாரும் மேடையேறிப் பேசுவதில்லை, மைக் முதல் வரிசையிலிருந்து நாற்காலி நாற்காலியாகக் கைமாறி வரும், ஆளுக்கு ஒரு வாக்கியம், யாரும் சொல்லாமல் அடுத்தவரிடம் கொடுக்கக் கூடாது. கூச்சப்படுகிறவர்களுக்குத்தான் இந்த ஏற்பாடு என்று செவ்வேள் சொல்வார். மோகனாவுக்கே அது பிடித்திருந்தது, இதற்கு முன் இங்கே நாலு படங்கள் வந்து பார்த்தபோது. அதையெல்லாம் ஒரு கேமராவில் பதிவுசெய்து மறுநாளே இணையத்தில் போட்டுவிடுவார்கள். இதோ சுவரோரம் மூன்று காலில் அது நிற்கிறது. நாளைக்கு பேபி அக்கா பார்ப்பாள். பேபி அக்கா பார்த்தால் பெரியப்பா பார்ப்பார். பெரியப்பா பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு சாவு வீட்டிலும் குடித்துவிட்டு, ‘எந்தம்பி வாசல்ல கெடந்து செத்தான், வூட்டுக்கு ஒருத்தியும் வரலியா, இன்னா கணக்கு இது’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஊர் அறிந்தது இவ்வளவுதான்: அம்மா கம்பெனி ஏஜென்ட் வீட்டுக்கு மூட்டை கொடுக்கப் போயிருந்தாள், வீடு பூட்டியிருந்தது, அப்பா குடித்துவிட்டு வந்து வெயிலில் விழுந்துவிட்டார். போலீஸும் அப்படித்தான் எழுதிக்கொண்டு போனது. அம்மா மைக்கில் ஒரு வாக்கியம் சொன்னால் போதும், வெள்ளந்தியாக, ‘இது எங்க வூட்டுக் கத’ என்று. எழுந்து போய்விடலாமா? வயிற்று வலி என்று சொல்லலாம். இல்லை, மைக் முதலில் தன்னிடம் வந்தால் அம்மாவைத் தாண்டிப் பின்னால் கொடுத்துவிடலாம். ஆனால் மைக் வலப்பக்கத்திலிருந்து வரும், அம்மாதான் முதல். இடம் மாறி உட்கார்ந்திருக்கலாம். மாற முடியாது, மோகனாவுக்கு இடது காது சரியாகக் கேட்காது, யாராக இருந்தாலும் வலப்பக்கம்தான் உட்கார வைக்க வேண்டும்.

அந்தக் காது ஒரு தனிக் கதை. அதை அவள் எழுதவில்லை. அது அப்பா செத்த வாரத்தின் புதன்கிழமை. ஏழாவது முழுப் பரீட்சை முடிந்து லீவு விட்டிருந்தது, அப்பா அவளைக் கம்பெனிக்கு அனுப்பச் சொல்லி ஒரு மேஸ்திரியிடம் பேசிவிட்டு வந்திருந்தார். ‘நான் எட்டாவது படிப்பேன்’ என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அப்பா அதுவரை அவளை அடித்ததில்லை, அம்மாவைத்தான் அடிப்பார், அது மழைபோல, வெயில்போல, வரும், போகும், அம்மா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து உலை வைப்பாள். அன்றைக்கு அவர் கை இந்தப் பக்கம் வந்தது. தலைக்குள் ஒரு விசில். காதிலிருந்து சூடாக ஏதோ கழுத்துக்கு இறங்கியது. அன்று இரவு அம்மா நல்லெண்ணெயைக் காய்ச்சிப் பஞ்சில் தொட்டு வைத்தாள், அழவில்லை, பஞ்சை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருந்தாள். அதுக்கும் சனிக்கிழமைக்கும் சம்பந்தமில்லை. சனிக்கிழமை நடந்தது வேறு. பதினைந்து வருட அடி ஒருநாள் மதியம் அம்மாவுக்குள் கெட்டியாகி நின்றுவிட்டது, கதையை அப்படித்தான் அவள் எழுதியிருந்தாள், விமர்சனம் எழுதிய ஒருவர்கூட ‘காரணமற்றதுபோல் தோன்றும் அந்தக் கணத்தின் அடர்த்தி’ என்று பாராட்டியிருந்தார். அந்த வரியை அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள்.

கதவு தட்டப்பட்டது. திரையில்தான். ஆனால் மோகனாவின் முதுகு நாற்காலியில் ஒட்டிக்கொண்டது. மழைச் சத்தத்துக்கு நடுவில் ஒரு குரல், கதவைத் திற, திறடீ. நடிகை பூக்கட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் மடியில் பொரிகடலைப் பொட்டலம் சரசரத்துக்கொண்டிருந்தது நின்றது. மோகனா அந்தப் பக்கம் திரும்பவில்லை. நிறுத்தக் கூடாது, அன்றைக்கு அம்மா நிறுத்தவில்லை, ஊசி தோலுக்குள் போய் நூல் இரண்டு பக்கமும் சர்ரென்று இழுபட்டுக்கொண்டேதான் இருந்தது, கதவு அதிர அதிர அம்மாவின் கைகள் விரிந்து மூடி விரிந்து மூடி. முதலில் அப்பா திட்டினார். பிறகு உதைத்தார். தெருவில் யாரும் இல்லை, எல்லாரும் ஷிப்டில். பிறகு வெகுநேரம் கழித்துக் குரல் தணிந்து, தண்ணி குடுங்க என்றார், யாரோ அயலார் வீட்டில் கேட்பதுபோல மரியாதையாக. இங்கே நினைப்பை நிறுத்திவிட வேண்டும். எப்போதும் இங்கேதான் நிறுத்துவாள். கதையும் இந்த இடத்தில் ஒரு பத்தி விட்டு, மாலையில் தொடங்கும். படமும் இங்கே வெட்டிவிட்டால் தேவலாம். ஆனால் படத்தில் அந்த மனிதன் தாழ்வாரத்தில் சுருண்டு படுத்து, மழையில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தான், அவனுக்குத் தண்ணீருக்குக் குறைவில்லை, அதனால் மோகனாவின் நினைப்பு வெட்டுப்படாமல் மேலே போய்விட்டது. மோனா, என்றார் அப்பா. மோனா, தண்ணி குடும்மா. அவள் பாயிலிருந்து எழுந்தாள். பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டாள். தாழ்ப்பாள் அவள் உயரத்தில்தான் இருந்தது, எட்டாத உயரம் இல்லை, பள்ளிக்கூடம் போகும்போது தினம் அவளே திறப்பாள். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்ணால்கூடச் சொல்லவில்லை. சும்மா பார்த்தாள், பிறகு குனிந்து தைத்தாள். டம்ளரை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அவள் நின்றாள், நின்று நின்று, பிறகு அந்தத் தண்ணீரைத் தானே குடித்தாள். ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள். குடித்து முடித்துப் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சத்தம் நின்று ரொம்ப நேரம் கழித்து அம்மா, ‘எழுந்திரு, ஏஜென்ட் வூட்டுக்குப் போய்ட்டு வந்துடலாம்’ என்றாள். பின்கட்டுத் தட்டியை விலக்கிக்கொண்டு இருவரும் போனார்கள். மூட்டையின் ஒரு காதை அவள் பிடித்துக்கொண்டாள். திரும்பி வரும்போது தெருமுனை வழியாக, ஷிப்ட் முடிந்து வந்த பெண்களோடு பேசிக்கொண்டே வந்தார்கள்.

கதையில் அவள் அந்தச் சிறுமியை வைக்கவில்லை. முதல் பிரதியில் இருந்தாள், ஒரு வரி. அதை அடித்துவிட்டாள். ‘பாத்திரங்கள் குறைவா இருந்தா இறுக்கமா இருக்கும்’ என்று, ஆல்பர்ட் கேட்காமலேயே அவரிடம் சொன்னாள். அவரும் ‘கரெக்ட்’ என்றார். அதனால் திரையிலும் அந்த வீட்டில் ஒரு பாய்தான், ஒரு தட்டுதான், ஒரு தலையணைதான். நடிகை இப்போது கதவில் முதுகை வைத்துச் சரிந்து உட்கார்ந்து அழுதாள். மல்லிகை அறையெங்கும் சிதறிக் கிடந்தது. வயலின் இழுத்தது. முன்வரிசையில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். அம்மா அசையவே இல்லை. ‘தூங்கிட்டாளா? கடவுளே, தூங்கியிருக்கட்டும்’ என்று நினைத்து மோகனா மெல்லத் திரும்பினாள். அம்மாவின் கண்கள் திறந்திருந்தன, கூடையில் மீன் வாங்கும்போது பார்ப்பதுபோல, செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை, பயந்த முகமாகவும் இல்லை. எதையோ தேடுகிற முகமாக இருந்தது.

விளக்கு வந்தது. கைதட்டினார்கள். அம்மாவும் மற்றவர்களைப் பார்த்துக் கைதட்டினாள். “அம்மா, வா, கடைசி பஸ் போயிடும்.” “நாலரைக்கே கடசி பஸ்ஸா? இருடி, எல்லாம் பேசறாங்க இல்ல.” மைக் ஏற்கெனவே முன்வரிசையில் இருந்தது. ‘மழை இந்தப் படத்தில் ஒரு பாத்திரம்’ என்றார் ஒரு கல்லூரி ஆசிரியர். ‘இருட்டுகூடப் பேசுது’ என்றான் ஜோல்னாப்பை போட்ட ஒருவன். ஒரு பெரியவர் தொடங்கி, ஆகவே, எனினும், அதே சமயம் என்று போய்க்கொண்டே இருந்தார். “ஐயா, வாக்கியம் ஒண்ணுதான், ஆனா அதுக்குள்ள மூணு அத்தியாயம் இருக்கு” என்றார் செவ்வேள், எல்லாரும் சிரித்தார்கள், அம்மாவும் சிரித்தாள். மூக்குறிஞ்சிய பெண், ‘அந்தம்மா திறந்திருக்கணும், என்ன இருந்தாலும் ஒரு உயிர்’ என்றாள். அவளுக்கு அடுத்தவள், ‘பதினஞ்சு வருஷம் அவ கேட்டப்போ எந்தக் கதவு திறந்துச்சு’ என்றாள். கைதட்டல். மைக் இரண்டாம் வரிசைக்குத் திரும்பி அவர்கள் பக்கம் வந்தது. மோகனா கையை நீட்டினாள், “இவங்க எங்க அம்மா, அவங்க பேச மாட்டாங்க, எங்கிட்ட குடுங்க” என்றாள். அது சொல்லக் கூடாத விஷயம் என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. “எழுத்தாளரோட அம்மாவா!” என்று செவ்வேள் எழுந்தே விட்டார். “அப்ப கண்டிப்பாப் பேசணும். ஒரே ஒரு வாக்கியம்மா, படத்தைப் பாத்து மனசுல என்ன பட்டுச்சோ அது.” எல்லாத் தலைகளும் திரும்பின. கேமராவும் திரும்பியது.

அம்மா மைக்கை இரண்டு கையாலும் வாங்கினாள். ஊதிப் பார்த்தாள். அந்த ஊதல் அரங்கம் முழுக்கப் பெருமூச்சாகக் கேட்டது. “எனக்கு இன்னா தெரியும் சாமி” என்றாள். “பரவால்லம்மா, சொல்லுங்க.” மோகனா அம்மாவின் புடவையைப் பிடித்திருந்தாள், தொடைக்கருகே, சின்னப் பிள்ளையாகக் கூட்டத்தில் பிடித்துக்கொள்வதைப்போல. அம்மா திரையைப் பார்த்தாள். அது இப்போது வெறும் வெள்ளைத் துணி.

“அந்த வூட்ல ஒரு பொட்டப்புள்ள இல்லியேப்பா,” என்றாள் அம்மா, “புள்ள இல்லாதவ கதவ எதுக்குச் சாத்தறா, அடிதான, அவதான் வாங்கிப் பழகனவளாச்சே?”

யாரும் கைதட்டவில்லை. மின்விசிறி சுற்றியது. கடலைப் பிண்ணாக்கு வாடை வந்தது. செவ்வேள் சுவரோரம் நின்றிருந்த ஆல்பர்ட்டைப் பார்த்தார், ஆல்பர்ட் தாடியைத் தடவிக்கொண்டு, “ரொம்ப முக்கியமான கேள்வி. ஆனா கதையிலேயே குழந்தை இல்லீங்களே. அதை எழுத்தாளர்தான் சொல்லணும்” என்றார். புதன்கிழமை என்றும் சனிக்கிழமை என்றும் தான் பிரித்து வைத்திருந்த இரண்டு நாட்களும் ஒன்றாகி மோகனாவின் முன்னால் எழுந்து நின்றன. பஞ்சை மாற்றி மாற்றி வைத்த அந்த இரவு முழுக்க அம்மா மனதுக்குள் என்ன தைத்துக்கொண்டிருந்தாள் என்று தெரிந்தது. அம்மா மைக்கை அவள் மடியில் வைத்தாள். இரும்பு சூடாக இருந்தது. ஆளுக்கு ஒரு வாக்கியம், சொல்லாமல் கொடுக்கக் கூடாது. ‘இருந்தாள்’ என்று சொன்னால் பெரியப்பாவுக்குக் கேட்கும். ‘இல்லை’ என்று சொன்னால் அம்மாவுக்குக் கேட்கும். கேமராவின் சிவப்புப் புள்ளி அவளையே பார்த்தது.

“அந்தப் பொண்ண நான்தான் எடுத்துட்டேன்” என்றாள்.

செவ்வேள் தலையசைத்தார். யாரோ குறித்துக்கொண்டார்கள். மோகனா அம்மாவின் பக்கம் திரும்பினாள். அம்மா பொரிகடலைப் பொட்டலத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள். மோகனா அந்த முகத்தில் கோபம் தேடினாள், மன்னிப்பு தேடினாள், எதுவும் கிடைக்கவில்லை. விரல்கள் மைக்கை விடவில்லை. இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும், இன்னொரு வாக்கியம், அதற்கு அனுமதி இல்லை.

“குடுடி,” என்று அம்மா அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மைக்கை எடுத்து அவளைத் தாண்டி அடுத்த ஆளிடம் நீட்டினாள். “அவங்கல்லாம் காத்துக்கினு கீறாங்க.”